முதல் திரி

இரண்டு இலட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

எட்டு மாத வாடகை, அதோடு தண்ணீர் பில். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து யோகேஸ்வரி டீச்சர் நடத்துகிற ‘பாக்கியம் பாலர் பாடசாலை’, கீழ் வீட்டில் குடியிருக்கும் சொந்தக்காரர் கிளெமென்ற் ஐயாவுக்குத் தரவேண்டியது இவ்வளவும்.

எட்டு மாதமும் அவர் வாய் திறந்து கேட்கவில்லை. போன வியாழக்கிழமைதான் கேட்டார். ஏன் கேட்டார் என்பது ஒழுங்கைக்கே தெரியும்.

நேசறி என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பாலர் பாடசாலையில் கலைவிழா தொடங்கிய வருடத்திலிருந்து அவர்தான் பிரதம விருந்தினர். குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றுவது அவர். பொன்னாடை அவருக்கு. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தபோது வெங்காயக் கப்பலில் நாய் ஒன்று வந்திறங்கிய கதையை ஒவ்வொரு வருடமும் சொல்வார். பெற்றோர் அதே இடத்தில் சிரிப்பார்கள்.

இந்த வருட அழைப்பிதழில் பிரதம விருந்தினர் வெள்ளவத்தை ஹார்ட்வெயார் முதலாளி வரதராசா. கிளெமென்ற் ஐயாவின் பெயர் கீழே, சின்ன எழுத்தில், ‘கௌரவ விருந்தினர்’ என்று.

அச்சடிக்கக் கொடுத்தது யோகேஸ்வரியின் கணவன் சந்திரகுமார். முதலாளி மேடைக்கு வந்தால் நன்கொடை தருவார், வாடகையை அடைக்கலாம் என்பது அவன் எண்ணம். வீட்டுக்காரர் இத்தனை மாதம் பொறுத்தது அந்த முதல் திரிக்காகத்தான் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை.

அழைப்பிதழைக் கையில் பிடித்தபடியே கிளெமென்ற் ஐயா மாடியேறி வந்தார். "டீச்சர், சனிக்கிழமை விழாவுக்கு முன்னால முழுக் காசும் வரோணும். இல்லாட்டி திங்கக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிடாதீங்க."

இன்று சனிக்கிழமை.

*

காலையில் படிக்கட்டுக் கேற்றில் ஒரு புதுப் பூட்டுத் தொங்கியது. பூட்டவில்லை. வாயைத் திறந்தபடி சும்மா கொளுவியிருந்தது. ஒத்திகைக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொன்றும் அதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் மேலே ஏறின.

ஹிபா மட்டும் நின்று அதை உற்றுப் பார்த்தாள். கிராண்ட்பாஸிலிருந்து வருகிற பிள்ளை. வயது ஐந்து. எழுத்துக்கூட்டத் தெரிந்த நாளிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாக வாசிப்பது அவளுக்கு ஒரு காய்ச்சல் மாதிரிப் பிடித்திருந்தது. கடைப் பலகை, பிஸ்கட் பக்கற், சுவரில் ஒட்டிய மரண அறிவித்தல், எதையும் விடமாட்டாள்.

"டீச்சர், இதுல இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கு. எனக்கு இங்கிலீசு தெரியா."

"தெரியாட்டிப் பரவாயில்ல, மகள். மேல வா, சிறகு கட்டணும்."

மாடியில் தரை தெரியாமல் காகிதச் சிறகுகள் காய்ந்துகொண்டிருந்தன. யோகேஸ்வரியின் மகள் தனுஷியா, மாலையில் மைக் பிடிக்கப் போகிறவள், சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் யார பிரதம விருந்தினர்னு கூப்பிடுறது? கீழ் வீட்டு அங்கிளக் கூப்பிடாட்டி அவரு நம்மள வெளிய போடுவாரு. வெள்ளவத்த முதலாளியக் கூப்பிடாட்டி காசு வராது. ரெண்டு பேரையும் ஒரே நாற்காலியில உக்கார வைக்கவா?"

"அப்பா முதலாளியப் பாக்கப் போயிருக்காரு. வரட்டும்."

"அப்பா ஒரு காரியத்துக்குப் போனா ரெண்டு பிரச்சினையோடதான் வருவாரு."

யோகேஸ்வரி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. ஒரு காலத்தில் இந்த மாடியில் கால் வைக்க இடமில்லாமல் பிள்ளைகள் இருந்தார்கள். சாமான் விலை ஏறின வருடத்தில் பாதிப் பேர் நின்றார்கள். சில குடும்பங்கள் வெளிநாடு போயின. மிஞ்சியது பத்தொன்பது பிள்ளைகள். அதில் பாதிப்பேரின் பீஸ் ‘அடுத்த மாசம் டீச்சர்’.

சுவரில் பலகை. பாக்கியம் பாலர் பாடசாலை.

பாக்கியலெட்சுமி யோகேஸ்வரியின் தாய். அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போன பெண்களின் கைக்குழந்தைகளை வரிசையாகத் தொங்கும் சாக்குத் தொட்டில்களில் ஆட்டிக் காலம் போக்கினவள். தோட்டத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் ‘காம்பரா ஆயா’. அவள் பெயர் என்னவென்று கேட்டவர் கிடையாது. அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் பார்க்க வேண்டும் என்றே யோகேஸ்வரி முதலில் பலகையைச் செய்தாள். பிறகுதான் வீடு தேடினாள்.

*

சந்திரகுமார் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. வரதராசாவின் லொறிக்குச் சீமெந்தும் ஆணிப்பெட்டியும் ஏற்றுவது அவன்தான். இப்போது முதுகு முன்னைப்போல இல்லை. பாரம் ஏற்றினால் ஒரு பக்கம் இழுக்கும். ஆனாலும் அன்று அந்தக் கடையின் இரண்டு படியை ஏறியதுபோல எந்த மூட்டையும் அவனுக்குக் கனத்ததில்லை.

"வா சந்திரகுமார். என்ன, வேளைக்கே வந்திட்டாய்? விழா பின்னேரம் எல்லோ?"

"முதலாளி... மேடையில தர்றதா இருந்த நன்கொடைய இப்பவே தந்தீங்கன்னா பெரிய உதவி."

"எவ்வளவு வேணும்?"

சந்திரகுமார் தொகையைச் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தான்.

வரதராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உவ்வளவு காசுக்குப் பேர் நன்கொடை இல்லையடாப்பா. உது விலை."

பிறகு எழுந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வர்ண டின்களுக்குப் பின்னால் ஒரு புதுப் பலகை சாய்த்து வைத்திருந்தது. நாலு மூலையிலும் பூ. நடுவே, சிவக்கொழுந்து பாலர் பாடசாலை.

"அம்மா கண்ணை மூடி வாற கிழமை ஒரு வருசம். ஊரில மடம் கட்டு எண்டு கனடாவில இருந்து தம்பியவை சொல்லினம். அங்க ஆர் வந்து இருக்கப் போகினம்? எனக்கு, சின்னப் பிள்ளையள் ஒவ்வொரு நாளும் வாயால சொல்லுற இடத்தில அம்மாவின்ர பேர் இருக்கோணும். உன்ர மனிசியின்ர நேசறியைப் பற்றி நல்லாத்தான் கதைக்கினம். அவவே நடத்தட்டும். நான் வாயே வைக்கமாட்டன். பேர் மட்டும் மாறட்டும்."

"முதலாளி, இப்ப இருக்கிறது என் பொஞ்சாதியோட அம்மா பேரு."

வரதராசா பலகையின் மூலைப் பூவை விரலால் தடவினார். "அப்ப அவவைக் கேள். போன் இருக்குத்தானே?"

சந்திரகுமார் போனை எடுத்தான். யோகேஸ்வரியின் நம்பர் வரை போனான். கேட்டால் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். படிக்கட்டில் ஆடுகிற பூட்டும் தெரியும். போனைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"சரி முதலாளி."

"கேட்டனியோ?"

"அவ மறுக்கமாட்டா."

காசு கடைப் பையில் வந்தது. பலகை துணி சுற்றிக் கடை லொறியில் ஏறியது. ஏற்றிய சிங்களப் பொடியனிடம் "மல்லி, ஹெமின், ஹெமின்" என்று மெதுவாக ஏற்றச் சொன்னான் சந்திரகுமார். கண்ணாடிப் பெட்டியை ஏற்றும்போதுகூட அவன் அப்படிப் பயந்ததில்லை.

*

கீழ் வீட்டில் கிளெமென்ற் ஐயா இல்லை. கதவைத் திறந்தது மனைவி றோஸி.

"அவர் சலூனுக்குப் போனார். தலைக்கு மை பூச. அங்கயிருந்து தையல் கடை, பிறகு நேரே ஹோலுக்குத்தான். கோவம் எண்டாலும் கோட்டுப் போடாமல் இருப்பாரோ?"

"றோஸி அக்கா, இதுல முழு வாடகையும் இருக்கு. தண்ணி பில்லும். எண்ணிப் பாருங்க."

றோஸி பையைத் திறந்து பார்த்தாள். எண்ணவில்லை. தன் வெறும் கைகளைப் பார்த்தாள்.

"தம்பி, உங்கட வாடகை வராமல் நிண்ட நாளையில இருந்து என்ர வளையல் அடகுக் கடையில கிடக்குது. அவருக்குத் தெரியாது. மருந்துக்கும் கறண்ட் பில்லுக்கும் நான் வேற எங்க போறது? கேட்டால் கை வீங்குது, கழட்டி வச்சிருக்கிறன் எண்டு சொல்லித் திரியிறன்."

சந்திரகுமாருக்கு முகம் கறுத்துப்போனது. "மன்னிச்சிருங்க அக்கா."

"அத விடுங்க. இண்டைக்கு அரை நாள் கடை திறந்திருக்கும். நான் போய் வளையலை மீட்டு வாறன். அவரிட்டப் பிறகு நானே சொல்லுறன்."

அவன் மாடியேறினான். யோகேஸ்வரி பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தாள்.

"யோகம், றோஸி அக்காகிட்ட காசு குடுத்தாச்சு. முழுசும்."

அவள் எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. அந்த நாற்காலியிலேயே இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"முதலாளி என்ன கேட்டாரு?"

"முதல் திரி. வேற என்ன?"

*

தேவாலயத்து மண்டபத்தில் ஐந்து மணிக்கெல்லாம் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. முன்வரிசை நடுவில் சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்று. அதில் புதுக் கோட்டும் கரிக் கறுப்புத் தலையுமாக கிளெமென்ற் ஐயா உட்கார்ந்திருந்தார். யார் வந்து சொல்லியும் எழும்பவில்லை.

தனுஷியா திரைக்குப் பின்னால் ஓடிவந்தாள். "அம்மா, அங்கிள் ஆணி அடிச்ச மாதிரி இருக்காரு. முதலாளி வந்தா நான் அவர எங்க வைக்கிறது, மடியிலயா?"

"அந்தப் பெரிய சாமான் என்ன, அங்க?" என்றாள் யோகேஸ்வரி.

திரைக்குப் பின்னால் சுவரில் துணி சுற்றிய பலகை. யாரும் தடுப்பதற்குள் துணியின் ஒரு பக்கத்தை விலக்கினாள். ‘சிவக்கொழு’, அதன் கீழே ‘பாலர் பாட’ வரைக்கும் தெரிந்தது. அதற்கு மேல் விலக்க வேண்டியிருக்கவில்லை.

சந்திரகுமார் பின்னால் நின்றான்.

"இதுதான் முதல் திரியா?"

"யோகம்..."

"எங்கம்மா பேர வித்துட்டு வந்து முதல் திரின்னு சொன்னீங்களே."

"பேர் போனா போகுது. வீடு போனா பத்தொம்பது புள்ளைங்கள எங்க வைப்ப? என் முதுகிலயா? அந்த முதுகும் இப்ப இல்ல."

"அவ ஊரான் புள்ளைய ஆட்டி ஆட்டித்தான் என்ன ஸ்கூலுக்கு அனுப்பினா. ஒரு மனுசன் அவள பேர் சொல்லிக் கூப்பிடல. நான் ஒருத்திதான் எழுதி வச்சேன். என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேணான்னு சொல்லுவ."

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்சிருக்கீங்க."

அவன் கண் கலங்கியிருப்பதை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். அவள் மனம் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. காசு றோஸியிடம் இருக்கிறது. கிளெமென்ற் ஐயா கொஞ்சக் காலம் தந்தால் அதைத் திருப்பி வாங்கி முதலாளியிடமே கொடுத்துவிடலாம். பலகை வந்த லொறியிலேயே போகட்டும்.

முன்வரிசைக்கு ஓடினாள். அத்தனை பெற்றோரும் பார்க்க வெல்வெட் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"ஐயா, ஒரு மூணு மாசம் பொறுப்பீங்களா? பின்னாடி நான் ஒரு நாள்கூடக் கேக்கமாட்டேன்."

கிளெமென்ற் ஐயா நேரே மேடையைப் பார்த்தபடியே பேசினார். "நான் பென்சன்காரன், பிள்ளை. கடைக்குப் போனால் பொடியங்கள் சீயா, கிழவா எண்டு தள்ளிப்போட்டு முன்னால நிக்கிறாங்கள். மகன் மாசத்துக்கு ஒருக்கா வீடியோவில முகம் காட்டுறான். வருசத்தில ஒரு நாள் மைக்கில என்ர பேரைச் சொல்லுவீங்க. அதையும் சின்ன எழுத்தில போட்டுட்டீங்க."

"பிழைதான் ஐயா. எங்க பிழைதான்."

"முதல் திரி ஆருக்கு?"

வாசலில் வரதராசாவின் வேன் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள்.

"உங்களுக்கு."

அவர் கோட்டின் பொத்தானைப் போட்டார். "அப்ப மிச்சத்தை மேடையில சொல்லுறன்."

*

"எங்கள் பாடசாலைக்கு இடம் தந்த பெருந்தகை, பிரதம விருந்தினர், திருவாளர் கிளெமென்ற் அவர்கள்!" என்றாள் தனுஷியா. குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை.

கிளெமென்ற் ஐயா முதல் திரியை ஏற்றினார். பொன்னாடை அவருக்குப் போனது. இருந்தது ஒன்றுதான். வரதராசாவுக்குப் பிள்ளைகள் செய்த காகித மாலை. அவர் இரண்டாவது திரியை ஏற்றிவிட்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தார். மேடைப் படியருகே நின்ற சந்திரகுமாரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் சந்திரகுமார் தலை குனிந்தான்.

வெங்காயக் கப்பல் நாய் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கிளெமென்ற் ஐயா தொண்டையைச் செருமினார்.

"இந்த டீச்சர் எனக்கு இரண்டு இலட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபா தரோணும்."

பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பீஸ் தராத சிலர் மடியைப் பார்த்தார்கள். யோகேஸ்வரி திரைச்சீலையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். சேலை அவிழ்ந்து நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"அதை நான் இண்டைக்கு விட்டுட்டன். முழுக்க. எனக்கு ஒரு சதமும் வேண்டாம். இந்தச் சின்னதுகள் அதே மாடியில படிக்கட்டும்."

கை தட்டினார்கள். பின்வரிசையில் சிலர் எழும்பி நின்றே தட்டினார்கள். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் சிறகுகளோடு குதித்தன.

யோகேஸ்வரிக்கு முதலில் காது அடைத்தது. பிறகு மெதுவாக விளங்கியது. வீடு இருக்கிறது. கடன் இல்லை. றோஸியிடம் போய்ப் பையை வாங்கி முதலாளி கையில் வைத்தால் அம்மாவின் பெயரும் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது! அவள் சந்திரகுமாரைப் பார்த்தாள். அவனும் அதையே நினைத்திருந்தான், றோஸி இன்னும் அடகுக் கடைக்குப் போயிருக்கக்கூடாதே என்ற தவிப்போடு. இரண்டு பேரும் ஒன்றாக வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

றோஸி வந்துகொண்டிருந்தாள். பிந்தி வந்ததற்கு எல்லோரிடமும் தலையாட்டிச் சிரித்தபடி, முந்தானையை ஒரு கையால் பிடித்தபடி. இரண்டு கையிலும் வளையல். மண்டபத்து வெளிச்சத்தில் பளபளத்தது.

"என்னத்துக்கு இப்பிடிக் கை தட்டினம்?" என்று கடைசி வரிசைப் பெண்ணிடம் குனிந்து கேட்டாள். அவள் காதோடு காதாகச் சொன்னாள். றோஸியின் சிரிப்பு நின்றது. மேடையில் பொன்னாடையோடு நிமிர்ந்து நிற்கிற புருசனைப் பார்த்தாள். பிறகு மாடி வீட்டு டீச்சரைப் பார்த்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துச் சுருட்டிக்கொண்டாள்.

யோகேஸ்வரி ஒரு அடி வைத்தாள். அடுத்த அடி வரவில்லை. காசு எங்கே போனது என்று அந்த வளையலே சொன்னது. எட்டு மாதம் வெறுங்கையோடு இருந்தவளிடம் போய் என்னவென்று கேட்பது?

வரதராசா திரைக்குப் பின்னால் வந்து நின்றார். காகித மாலையைக் கழற்றவில்லை.

"பிள்ளை, அந்த மனிசன் விட்டது அவரின்ர காசு. நான் தந்தது என்ர காசு. அது எங்க போச்சுது எண்டு நான் கேட்கமாட்டன். ஆனா உம்மட மனிசன் சரி எண்டு சொல்லித்தான் என்ர கையால வாங்கினவர். ஓமோ?"

"ஓம்" என்றாள். அது அவருடைய ஊர்ச் சொல், ‘ஆமா’ என்றே பழகிய அவளுடைய வாய்க்குப் பழக்கமில்லாதது. அவருக்காக வந்தது.

"உமக்கும் ஒரு அம்மா இருந்தவ எண்டு பிறகுதான் யோசிச்சன். ஆனா எனக்கும் ஒருத்திதான்."

அவரே துணியைப் பிடித்து இழுத்தார். கடைப் பொடியன்கள் பலகையை மேடைக்குத் தூக்கினார்கள். நாலு மூலையிலும் பூவைக் கண்ட பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுற்றி நின்று கை தட்டின. ஒன்றுக்கும் இன்னும் வாசிக்கத் தெரியாது.

ஒருத்தியைத் தவிர.

ஹிபா மைக்குக்குக் கிட்டத்தான் நின்றாள். விரலால் தொட்டுத் தொட்டு, யோகேஸ்வரி சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு எழுத்தையும் விழுங்காமல் கூட்டினாள். "சி... வ... க்... கொ... ழு... ந்... து." அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு சிறகைத் திருப்பிக்கொண்டு மேடை ஓரத்தைப் பார்த்தாள்.

"டீச்சர், இது நம்மட ஸ்கூல் இல்லையே?"

தனுஷியா பாய்ந்து மைக்கின் சுவிட்சை அணைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். சந்திரகுமார் பலகையின் ஒரு பக்கம் சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பழக்கப்பட்ட பிடி. பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவன் முகத்தில் தெரிந்தது.

கிளெமென்ற் ஐயா படியிறங்கி வந்தார். கண்ணில் நீரும் வாயில் சிரிப்பும். பலகையை அவர் கவனிக்கவேயில்லை. கோட்டுப் பைக்குள் கைவிட்டு, கேற்றில் தொங்கவிட்ட பூட்டின் திறப்பை எடுத்து யோகேஸ்வரியின் கையில் வைத்து மூடினார்.

"அந்தப் பூட்டையும் நீங்களே எடுங்க டீச்சர். எங்களுக்குள்ள இருந்தது எல்லாம் தீர்ந்துது. சரிதானே?"

அவருடைய தோளுக்கு மேலால், கைகளைக் காட்டாமல் நிற்கிற றோஸியை யோகேஸ்வரி பார்த்தாள்.

"தீர்ந்துது ஐயா" என்றாள்.